பந்து போன பிறகு ஊதிய விசில்

போன மாதம் நம் குடியிருப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர் என் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தார். "சொந்த மகள் என்றும் பாராமல் விசில் ஊதிய மனிதர். அப்படிப்பட்டவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், இதயங்கள், கைதட்டல்கள். நானும் ஒரு கும்பிடு போடுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், பாத்திரங்களைத் தேவையில்லாத சத்தத்தோடு அடுக்கினேன். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

நமக்கும் நாற்பது நெருங்குகிறது. பாதிப் பேர் முடிக்குச் சாயம் அடிக்கிறோம், மீதிப் பேர் அடிப்பதை விட்டுவிட்டோம். இந்த வயதிலும் அந்தக் கதையை நீங்கள் இப்படியே சொல்லிக்கொண்டிருந்தால், நாளைக்கு உங்கள் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுப்பீர்கள். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டுக் குழுவிலிருந்து என்னைத் தூக்கினாலும் சரி.

இடம் உங்களுக்குத் தெரியும், உங்கள் வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. கத்தாரில் ராஸ் லஃபான் எரிவாயு நகரத்துக்குத் தெற்கே, கம்பெனி கட்டிக் கொடுத்த குடியிருப்பு. எல்லா வீடுகளும் ஒரே மணல் நிறம். வடக்கே அடிவானத்தில் ஆலையின் சுடர் எரிந்துகொண்டே இருக்கும். ராத்திரியில் நம் வீட்டுத் திரைச்சீலையில் அதன் செம்மஞ்சள் வெளிச்சம் தெரியும். நடுவில் ஒரு புல் மைதானம். பாலைவனத்தில் புல் எப்படி என்று விருந்தாளிகள் ஆச்சரியப்படுவார்கள். சுத்திகரித்த சாக்கடைத் தண்ணீரால்தான் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் வாடை சொல்லிவிடும். விளையாடிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா மூக்கைச் சுளித்து, "நேரா பாத்ரூமுக்குப் போடி, சோபாவுல உக்காராத" என்பார்.

நம் தமிழ்ப் பிள்ளைகள் கார் நிறுத்தும் இடத்தில் கிரிக்கெட் ஆடினார்கள். நான் மைதானத்துக்குப் போனேன். அங்கே அமெரிக்க இன்ஜினியர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த கால்பந்து நடந்துகொண்டிருந்தது. கால்பந்து என்று பெயர்தானே தவிர, பந்தைக் கையால் எறிந்து கையால் பிடிக்க வேண்டும். பந்தும் உருண்டை இல்லை, இரண்டு முனையும் கூர்ந்த பழுப்புத் தோல் பந்து. பெரியவர்கள் ஆட்டத்தில் ஒருவரை ஒருவர் மோதித் தள்ளுவார்கள். பிள்ளைகளுக்கு அது கிடையாது. இடுப்பில் ஒரு பெல்ட், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு துணிக் கொடி. பந்து வைத்திருப்பவரின் கொடியை எதிரணி உருவிவிட்டால் அந்த ஓட்டம் முடிந்தது. என் அணிக்குச் சிவப்புக் கொடி. உருவும்போது வரும் அந்த 'டப்' சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

ஒவ்வொரு ஓட்டமும் தொடங்குவது ஒருவருடைய கையில். அவர் குனிந்து, தரையில் இருக்கும் பந்தைத் தன் இரண்டு கால்களுக்கு நடுவே பின்னால் நிற்பவருக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர் ஸ்னாப். அது என் வேலை. அனுப்பிவிட்டு நானும் ஓடிப்போய், எறிவதைப் பிடிக்கலாம். பின்னால் வாங்கி எறிகிறவன் எகிப்து டாக்டரின் மகன். குச்சி மாதிரி இருப்பான், ஆனால் எறிந்தால் பந்து நேராக வரும். யாருக்கும் வேண்டாத வேலை என்று என்னைக் குனிய வைத்தார்கள். எனக்கு அது பிடித்துப்போயிற்று. குனிந்து கால்களுக்கு நடுவே பார்த்தால் உலகம் தலைகீழாக இருக்கும். வானம் கீழே, புல் மேலே, நடுவில் டாக்டர் மகனின் அழுக்கு ஷூ. நான் பந்தை விட்டால்தான் ஆட்டம் தொடங்கும். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு நம் வீடுகளில் அப்படி எந்த அதிகாரம் இருந்தது, சொல்லுங்கள்.

அந்தக் குளிர்காலம் எனக்குக் கடைசி. எட்டாவது முடிந்ததும் திருச்சியில் ஹாஸ்டல் என்று முடிவாகியிருந்தது. நம்மில் பாதிப் பேரை அப்படித்தானே அனுப்பினார்கள். போதாததற்கு, பையன்களோடு புரண்டது போதும் என்று அம்மா ஒரு பக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அப்பா ஒரு சமரசம் செய்தார். "ஃபைனல்ல ஜெயிச்சா துபாய் டோர்னமெண்ட்டுக்குப் போயிட்டு வா. நானே கூட்டிட்டுப் போறேன். தோத்தா அன்னைக்கே பெல்ட்டைத் திருப்பிக் குடுத்துடணும், சரியா பாப்பா?" சரி என்றேன். ஜெயித்தால் துபாய், தோற்றால் அதோடு சரி. அந்த வார்த்தையை நம்பித்தான் அந்தப் பருவம் முழுக்க ஓடினேன்.

அப்பா பயந்தவர் என்று சொன்னால் அம்மா இன்றைக்கும் சண்டைக்கு வருவார். ஆலையின் கன்ட்ரோல் ரூமில் அவர் பயந்ததில்லை. அலாரம் அடித்தால் மற்றவர்கள் ஓடும்போது இவர் உட்கார்ந்து திரையைப் படிப்பாராம். ஆனால் வீட்டு ஃபோனில் மேனேஜர் குரல் வந்தால், உட்கார்ந்திருக்கும் மனிதர் எழுந்து நின்றுவிடுவார். லுங்கியோடு விறைப்பாக நின்று "எஸ் சார், ஸ்யூர் சார்" என்பார். நானும் தம்பியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அந்த வருடம் அவர் காண்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டிய வருடம். இனி உள்ளூர்க்காரர்களுக்குத்தான் வேலை என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள். வீட்டில் மிக்ஸி கெட்டுப்போனபோது கூட, "இப்ப வேணாம், என்ன ஆகுதுன்னு பாப்போம்" என்று அம்மா அம்மியைத் தேட ஆரம்பித்தார். கத்தாரில் அம்மிக்கு எங்கே போவது.

அந்த மேனேஜர்தான் கால்பந்துக்கும் தலைவர். அமெரிக்கர், சிவந்த கழுத்து, தொப்பி இல்லாமல் வெளியே வரமாட்டார். பருவத் தொடக்கத்தில், நடுவர் வேலை செய்ய முன்வந்த அப்பாக்களுக்குக் கிளப் ஹவுஸில் ஒரு வகுப்பு எடுத்தார். அப்பா பேர் கொடுத்திருந்தார், மேனேஜர் கேட்டால் கொடுக்காமல் இருப்பாரா. சமோசா உண்டு என்பதால் நானும் கூடப் போனேன்.

அன்றைக்கு மேனேஜர் சொல்லிக் கொடுத்ததை நன்றாகக் கவனியுங்கள், எல்லாமே இதில்தான் இருக்கிறது. ஆட்ட நேரம் முடிவதற்குள் பந்து ஸ்னாப் ஆகிவிட்டால் அந்த ஓட்டம் செல்லும். ஓடிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்தாலும் ஓட்டம் முடியும் வரை ஆட விட வேண்டும். நேரம் முடிந்த பிறகும் பந்து தரையில் இருந்தால் விசில், ஆட்டம் முடிந்தது. ஆனால் ஒரு மனிதனால் ஸ்டாப்வாட்சையும் பந்தையும் ஒரே சமயத்தில் பார்க்க முடியாது. அதனால் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முதலில் கடிகாரம். அதில் பூஜ்யம் வந்ததும் கண்ணைத் தூக்கிப் பந்தைப் பார். பந்து இன்னும் தரையில் இருந்தால் ஊது. அசைந்துவிட்டிருந்தால் விட்டுவிடு. கண் கடிகாரத்திலிருந்து பந்துக்குப் போகும் அந்தச் சின்ன நேரம் ஆடுகிற பிள்ளைக்குச் சேர வேண்டியது என்றார் மேனேஜர். கடைசியாக இன்னொன்றும் சொன்னார். "கடிகாரம், பந்து. மூன்றாவதாக எதையும் பார்க்காதீர்கள்."

எல்லோரையும் நிறுத்திப் பழக்கினார். மேனேஜரே குனிந்து பந்தை அனுப்ப, அப்பா கடிகாரத்தோடு நின்றார். எத்தனை தடவை ஏமாற்றப் பார்த்தும் அப்பா ஏமாறவில்லை. கன்ட்ரோல் ரூம் கண் அது. மேனேஜர் அவர் தோளில் தட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா அந்த முறையைத் தமிழில் எனக்கு மறுபடி விளக்கிக்கொண்டு வந்தார். தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வரக்கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஃபைனல் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். எதிரணி நீலம், அதில் பந்து எறிகிறவன் மேனேஜரின் மகன். வழக்கமாகக் கடிகாரம் பிடிக்கும் அமெரிக்கர் ஆலையில் ஷட்டவுன் வேலையில் மாட்டிக்கொண்டார். மேனேஜர் சுற்றிப் பார்த்துவிட்டு, "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஸ்டாப்வாட்சை அப்பாவிடம் நீட்டினார். மகள் ஆடுகிறாள், நான் வேண்டாம் என்று அப்பா சொல்லியிருக்கலாம். வேறு எவராக இருந்தாலும் சொல்லியிருப்பார். மேனேஜர் நீட்டியதை அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஆட்டம் முழுவதையும் சொல்லிப் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். கடைசியில் நாங்கள் கொஞ்சம் பின்தங்கி இருந்தோம். கோடு பக்கத்தில்தான் இருந்தது, ஒரு தடவை அதைத் தாண்டிப் பந்தைப் பிடித்தால் கப் எங்களுக்கு. ஆனால் கடிகாரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தக் கேட்கும் வாய்ப்புகளை எல்லாம் ஏற்கெனவே செலவழித்துவிட்டோம். டாக்டர் மகன் தொண்டை கிழிய "யல்லா, யல்லா" என்று அரபியில் அவசரப்படுத்தினான். ஓடிவந்து வரிசையில் நின்றோம். நான் குனிந்தேன்.

தலைகீழாகப் பார்த்தேன். டாக்டர் மகனின் ஷூ. அவனுக்குப் பின்னால் அப்பா, ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், வாயில் விசில். அவர் கண் கடிகாரத்தில் இருந்தது. நான் பந்தை அனுப்பினேன். பந்து என் கையை விட்டுப் போய் டாக்டர் மகனின் கையில் விழுந்தது. அதன் பிறகுதான் அப்பாவின் கண் கடிகாரத்திலிருந்து எழுந்தது. எழுந்த கண் பந்துக்கு வரவில்லை. பக்கவாட்டில், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மேனேஜரிடம் போயிற்று. அங்கே ஒரு கணம் நின்றது. நான் நிமிர்ந்து ஓட ஆரம்பித்துவிட்டேன். அப்போதுதான் விசில் கேட்டது.

நீலக் கொடிக்காரர்கள் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. டாக்டர் மகனும் எறிந்துவிட்டான். கோட்டுக்கு அப்பால் பந்து என் நெஞ்சில் வந்து விழுந்தது, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். தோலின் சொரசொரப்பும் அந்தச் சாக்கடைப் புல்லின் வாடையும் மூக்கில் ஏற, ஜெயித்துவிட்டோம் என்று திரும்பினேன். அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டிருந்தார். "டைம் ஓவர். நோ ஸ்னாப். டைம் ஓவர்."

இதுவரைக்கும் நடந்ததை, பயத்தில் கை தவறிவிட்டது என்று நான் மன்னித்திருப்பேன். அடுத்து நடந்ததைத்தான் நீங்கள் யாரும் சரியாகக் கேட்கவில்லை, தூரத்தில் இருந்தீர்கள். மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்து மைதானத்துக்குள் வந்தார். கோபமாக இல்லை. அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்: "பந்து நேரத்துக்குள் போன மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. தவறி ஊதிவிட்டீர்கள் என்றால் பரவாயில்லை. அந்த ஒரு ஓட்டத்தை மறுபடி ஆடச் சொல்லலாம், விதியில் இடம் இருக்கிறது. நீங்கள் சொல்வதுதான் முடிவு." பக்கத்தில் அவர் மகனும் நின்றான். அவனும் தலையாட்டினான்.

பார்த்தீர்களா. யாருக்காக ஊதினாரோ அந்த மனிதரே வேண்டாம் என்று சொல்கிறார். கதவு திறந்து கிடக்கிறது. "ஆமாம் சார், மறுபடி ஆடட்டும்" என்று ஒரு வார்த்தை போதும். நான் பந்தோடு எதிரில் நிற்கிறேன், அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"நோ சார்," என்றார். "டைம் முடிந்துவிட்டது. நான் பார்த்தேன். அவள் என் மகள் சார், அவளுக்காக மாற்ற மாட்டேன்."

மேனேஜர் தொப்பியைக் கழற்றினார். அவர் கழற்றியதைப் பார்த்து நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். உங்கள் அப்பா அம்மாக்களும் தட்டினார்கள். அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். முதலில் ஒரு திகைப்பு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முதுகு நிமிர்ந்தது. தன் நேர்மைக்குத்தான் தட்டுகிறார்கள் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது போலும். புரிந்ததும் அந்தக் கைதட்டலை வேண்டாம் என்று சொல்லவில்லை. நின்று வாங்கிக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது. இப்போது எழுதும்போதும் எரிகிறது.

பெல்ட்டை நானே கழற்றி நாற்காலியில் போட்டேன். பல் காப்புக்கு வாயில் வைக்கும் ரப்பர் ஒன்று இருந்தது, வெந்நீரில் போட்டு என் பல்லுக்கென்றே வார்த்தது. அதைக் குப்பைத் தொட்டியில் எறிந்தேன். வேறு யாருக்கும் உதவாத பொருள்.

வீட்டுக்குப் போகாமல் அப்பா காரை வெளியே ஓட்டினார். காரில் நானும் அவரும் மட்டும். அம்மா தம்பியோடு வீட்டில் இருந்தார். குடியிருப்பு கேட்டைத் தாண்டி, கடைத்தெரு ரவுண்டானாவைச் சுற்றும்போது அப்பா தானாகவே ஆரம்பித்தார்.

"டைமுக்குக் கொஞ்சம் முந்தியே விட்டுட்ட, பாப்பா. பந்து போயிருச்சு. எனக்குத் தெரியும்."

நான் திரும்பிப் பார்த்தேன். "தெரிஞ்சுமா ஊதுனீங்க?"

"அந்தப் பக்கம் அவர் பையன், இந்தப் பக்கம் நீ. வாட்சு என் கையில. நீ ஜெயிச்சிருந்தா, இவன் பொண்ணுக்காக விட்டுட்டான்னு நாலு பேர் பேச மாட்டாங்களா? ரின்யூவல் இருக்குற நேரத்துல நமக்கு எதுக்கு வம்பு?"

"அவரே மறுபடி ஆடச் சொன்னாருல்ல?"

"அவர் பெருந்தன்மைக்குச் சொல்வாரு. நாம அதைப் பிடிச்சுக்கலாமா? ஊதினது ஊதினதுதான்." இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டே, "விளையாட்டுதானே," என்றார்.

பிறகு கஃபேடேரியா முன்னால் காரை நிறுத்தி ஹாரன் அடித்தார். மலையாளிப் பையன் ஓடிவந்தான். எனக்கு ஷவர்மா, அவருக்குக் கராக் டீ. நீ ஜெயிச்சதாவே வெச்சுக்கோ என்று அவர் சொல்லவில்லை, ஆனால் அந்த ஷவர்மாவை அப்படித்தான் நீட்டினார். எனக்கு அசுரப் பசி. அழுதுகொண்டே முழுவதையும் தின்றேன். பூண்டு சாஸ் மூக்கில் ஏறியது. தின்றதற்காக என் மேலேயே எனக்கு வந்த கோபம் தனி.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "விளையாட்டு போனா போகுது, வேலை போனா என்னடி பண்றது? இதை வெளில யார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியாத," என்றார். நீல அணி துபாய் போயிற்று. மேனேஜர் மகன் எனக்கு அங்கிருந்து ஒரு சாவிக்கொத்து வாங்கி வந்தான். நல்ல பையன். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

அடுத்த மாதம் அப்பாவின் காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்டது. அதுவும் வெறுமனே அல்ல, பாதுகாப்புத் தணிக்கைக் குழுவுக்குத் தலைவராக. ஆலையில் யார் விதியை மீறினாலும் முகம் பார்க்காமல் எழுதுகிற வேலை. மேனேஜர் எல்லோர் முன்னாலும் காரணத்தையும் சொன்னாராம்: சொந்த மகளுக்கே விசில் ஊதியவர், இவரை நம்பலாம். அம்மா அன்று கேசரி கிளறினார். புது மிக்ஸியும் வந்தது.

அவர் பயந்ததற்காக எனக்குக் கோபம் இல்லை. வளைகுடாவில் ஒரு கையெழுத்தில் வீடு, பள்ளி, விசா எல்லாமே தொங்குகிறது. அந்தப் பயத்தில்தான் நாம் எல்லோரும் சாப்பிட்டோம். "பயந்துட்டேன், மன்னிச்சுக்கோ" என்று காரில் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். எனக்குச் சேர வேண்டியதைப் பிடுங்கினார், அதற்கு நேர்மை என்று பெயர் வைக்க விட்டார், அந்தப் பெயரோடு பதவியில் போய் உட்கார்ந்தார். என் ஹாஸ்டல் பீஸும் தம்பியின் காலேஜும் அதிலிருந்துதான் வந்தன. வாயைத் திறந்தால் நன்றி கெட்டவள் என்று ஆகிவிடும் இடத்தில் என்னை நிறுத்திவிட்டார். ஹாஸ்டலில் இந்தக் கதையைச் சொன்னபோது ஒருத்திக்கும் விளையாட்டே புரியவில்லை. புரிந்த ஒருத்தி, "உங்கப்பா கிரேட் டி," என்றாள்.

சரி, கடைசியாக ஒன்று. உங்கள் செய்தி வந்ததற்கு அடுத்த வாரம் திருச்சிக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மாடி வீட்டு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி பேச வந்திருந்தார். நாட்டில் நேர்மை இல்லை என்று ஆரம்பித்துப் பேச்சு எங்கெங்கோ போய், அப்பா அந்தக் கதையை எடுத்தார். கையை ஆட்டிக் காட்டிச் சொன்னார். கடிகாரம், பந்து, மேனேஜர் தொப்பியைக் கழற்றியது, எதையும் விடவில்லை. "பெத்த பொண்ணுன்னு பாக்கல சார். ஊதிட்டேன்."

"இல்லப்பா," என்றேன். "பந்து போனப்புறம்தான் ஊதினீங்க."

அப்பா வங்கிக்காரரைப் பார்த்துக் கண்சிமிட்டினார். "பாத்தீங்களா, இன்னும் கோவம் போகல இவளுக்கு."

"அன்னைக்குக் கார்ல நீங்களே சொன்னீங்க. பந்து போயிருச்சு, எனக்குத் தெரியும்னு சொன்னீங்க."

அப்பா என்னைப் பார்த்தார். "நானா? அப்படி எப்படிம்மா சொல்லுவேன்? டைம் முடிஞ்சிருந்துச்சே. நான் பாத்தேனே."

அவர் பொய் சொல்லும்போது முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், தலைகீழாகப் பார்த்தவள் நான். இது அந்த முகம் இல்லை. கண்ணில் ஒரு கலக்கமும் இல்லை. இத்தனை வருடக் கைதட்டலில் அவர் நிஜமாகவே நம்பிவிட்டார். அந்தக் காரில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இருக்கவில்லை, அதில் ஒருவர் மறந்துவிட்டார்.

"நேர்மையா இருந்தா வீட்ல கெட்ட பேருதான் சார்," என்று வங்கிக்காரர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். உள்ளேயிருந்து அம்மாவும் சிரிக்கும் சத்தம் கேட்டது.